கல்லூரி வாலிபால் அணிக்கு வெளியிலிருந்து ஒரு செட்டரைத் தேடுவது எப்படி

ஏப்ரல் தேர்வுகள் முடிந்து மூன்றாமாண்டு மாணவர்கள் விடுதி அறைகளைக் காலி செய்யும் நாள்களில், பாளையங்கோட்டை வட்டாரக் கல்லூரிகளின் உடற்கல்வித் துறைகளில் ஆண்டுதோறும் ஒரே கவலைதான் எழும்: வரும் ஆண்டில் பந்தைத் தூக்கிப் போடப்போவது யார்? ஸ்மாஷ் அடிப்பவன் போனால் இன்னொருவன் வருவான். நம் ஊர்களில் தெருவுக்கு இரண்டு பேர் அடிக்கக் கற்றிருக்கிறார்கள். அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் போய்விட்டால் அணிக்குப் பேச்சே நின்றுவிடும். பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரி அணிகளைப் பழக்கிவரும் நான், நான்கு முறை வேறு கல்லூரியில் படித்த செட்டரைத் தேடி அழைத்து வந்திருக்கிறேன். இரண்டு நன்றாக அமைந்தன, ஒன்று பரவாயில்லை என்ற அளவில் முடிந்தது, ஒன்று என் கவனக்குறைவால் கெட்டது. அந்த நான்கிலும் கற்றதை, இந்தத் தேடலில் முதன்முறையாக இறங்கும் உடற்கல்வி இயக்குநர்களுக்காகவும் அணித் தலைவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

செட்டர் என்று இன்று நாம் சொல்பவரை ஊர்த் திடல்களில் மூத்தவர்கள் லிஃப்டர் என்றே அழைப்பார்கள். ஓர் அணிக்குக் கிடைக்கும் மூன்று தொடுகைகளில் இரண்டாவது பெரும்பாலும் அவருடையது; ஆகவே, எந்தப் பந்தை யார் அடிப்பது என்ற முடிவு, ஆட்டம் முழுவதும், பயிற்சியாளரின் வாயில் அல்ல, அவருடைய விரல்களில்தான் இருக்கிறது. அடிப்பவர்களான ஐந்து அட்டாக்கர்களும் ஒரு செட்டரும் ஆடும் முறையில், எதிரணியிடமிருந்து சர்வீஸ் நமக்கு வரும்போதெல்லாம் ஆறு பேரும் ஓரிடம் நகரும் சுழற்சியில், அவர் பின்வரிசையில் நிற்கும் மூன்று இடங்களிலும் முன்னால் அடிப்பதற்கு மூன்று பேர் இருப்பார்கள். அவரே முன்வரிசைக்கு வரும் மூன்று இடங்களிலும் இரண்டே பேர்தான் இருப்பார்கள். எதிரணி நம்மை எண்ணிப் பார்த்து மடக்குவது அந்த மூன்று சுழற்சிகளில்தான். ஒரு செட்டரின் தரம் தெரிவதும் அங்கேதான்.

வெளியே தேடுவதற்கு முன் உள்ளே ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுங்கள். இரண்டாமாண்டில் ஒரு மாற்று செட்டர் உட்கார்ந்திருப்பான். அவனுக்குக் கோடை விடுமுறையில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் கொடுத்தால் தேறிவிடுவானா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல விரல்களும் சுமாரான கால்களும் உள்ளவனைத் தேற்றிவிடலாம். கால்கள் இருந்து விரல்கள் இல்லாதவனைத் தேற்ற ஓராண்டு போதாது. ஓரளவு தூக்கத் தெரிந்த இருவர் இருந்து, இருவருக்கும் அடிக்கவும் வரும் என்றால், அவர்களைச் சுழற்சியில் எதிரெதிராக நிறுத்தி, பின்வரிசையில் இருப்பவர் தூக்குவது, முன்னால் வந்தவர் அடிப்பது என்றும் ஆடலாம். அப்போது முன்வரிசையில் எப்போதும் மூன்று அட்டாக்கர்கள் கிடைப்பார்கள். இந்த வழி எதுவும் சரிப்படாது என்று உறுதியான பிறகே மற்றவர் வீட்டு முற்றத்தை எட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்ததாக, உங்கள் அட்டாக்கர்களுக்கு எப்படிப்பட்ட பந்து வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பலரும் தவறவிடும் படி இதுதான். உங்கள் இடப்பக்க அட்டாக்கர் உயரமான பந்துக்குக் காத்திருந்து ஓடிவந்து அடிப்பவராக இருந்தால், வேகமாகவும் தாழ்வாகவும் போட்டுப் பெயர் வாங்கிய செட்டரைக் கொண்டுவந்து அவருக்கு ஒரு பயனும் இல்லை. நடுவில் குயிக், அதாவது வலையை ஒட்டித் தாழ்வாக வரும் வேகப் பந்தை, அடிக்கும் பையன் இல்லாத அணிக்கு, குயிக் போடுவதில் கெட்டிக்காரனான செட்டர் வந்தால், அவனுடைய பாதித் திறமை பையிலேயே கிடக்கும். இரண்டு செட்டர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால், கோப்பைகளை எண்ணாமல், உங்கள் அட்டாக்கர்களின் கைக்குப் பந்து எவரிடமிருந்து இதமாக வருகிறது என்று பாருங்கள்.

தேடும் இடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையில் வாலிபாலுக்குப் பஞ்சமில்லை. சித்திரை, வைகாசிக் கொடை விழாக்களை ஒட்டியும், கடற்கரை ஊர்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டியும் மின்னொளிப் போட்டிகள் நடக்கும். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்திலும் அண்ணா விளையாட்டரங்கிலும் மாவட்டப் போட்டிகள் நடக்கும்போது போய் உட்காருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் உங்களை வென்ற அணிகளின் ஆட்டக் குறிப்புத் தாள்களை எடுத்து, அவற்றின் செட்டர்களில் எவரெவர் இளங்கலை இறுதியாண்டில் இருந்தார்கள் என்று பாருங்கள். இளங்கலையை முடித்து முதுகலைக்கு இடம் தேடும் மாணவனை அழைப்பதுதான் எல்லா வகையிலும் சுத்தமான வழி. அவனுடைய பழைய கல்லூரி எதையும் இழப்பதில்லை, அவனுடைய படிப்பும் அறுபடுவதில்லை. முதலாண்டிலோ இரண்டாமாண்டிலோ இருக்கும் பையனை நடுவில் பிடுங்கி வருவதை நான் செய்வதில்லை. மற்றவர்களும் செய்யக்கூடாது என்பதே என் கருத்து.

இனி, பார்க்கும் முறை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கைதட்டல் எப்போதும் அடித்தவனுக்கே போவதால், செட்டரைப் பார்ப்பது எப்படி என்பதே நம்மில் பலருக்குப் பழகாமல் போய்விட்டது. ஒரு முழு செட்டுக்குப் பந்தைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். அந்தப் பையனை மட்டும் பாருங்கள். கையில் ஒரு சிறு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். அவன் தொடும் ஒவ்வொரு இரண்டாவது பந்துக்கும் மூன்று குறிப்புகளை எழுதுங்கள்: முதல் தொடுகையான பாஸ் அவனுக்கு நன்றாக வந்ததா கெட்டு வந்ததா, அவன் எங்கே போட்டான், அடித்தவனுக்கு முன்னால் எத்தனை பிளாக்கர்கள், அதாவது வலைக்கு மேல் கை நீட்டித் தடுப்பவர்கள், எழும்பினார்கள். புள்ளி கிடைத்ததா என்பதை எழுத வேண்டாம். அடித்தவன் வெளியே அடித்தால் அது செட்டரின் குற்றம் அல்ல, முரட்டடியால் புள்ளி வந்தால் அது அவனுடைய பெருமையும் அல்ல. அடிப்பவனுக்கு எதிரே ஒரே ஒரு பிளாக்கரையோ, பாதி எழும்பிய இரண்டாவது பிளாக்கரையோ நிற்க வைத்தானா என்பதுதான் செட்டரின் வேலைக்குச் சரியான அளவுகோல். செட் முடிந்ததும் நோட்டைப் புரட்டி, கெட்ட பாஸ் என்று குறித்த வரிகளை மட்டும் தனியே படியுங்கள். நல்ல பாஸ் வந்தால் யாரும் செட்டர்தான். அட்டாக் கோட்டுக்குப் பின்னால், மூன்று மீட்டருக்கும் அப்பால் விழப்போகும் பந்தின் கீழ் ஓடிப்போய் நின்று, அதை அடிக்கத் தக்க பந்தாக மாற்றுகிறவனைத்தான் நீங்கள் தேடி வந்திருக்கிறீர்கள்.

விரல்களைப் பார்க்கக் கோட்டுக்குப் பக்கவாட்டில், வலைக்கம்பத்தின் அருகே நின்றுகொள்ளுங்கள். பந்து நெற்றிக்கு மேலே, இரு கைகளின் பத்து விரல்களுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து எழும்ப வேண்டும். கையை விட்டுப் போகும் பந்து சுழன்றுகொண்டே போனால், இரு கைகளும் ஒரே நேரத்தில் தொடவில்லை என்று பெரும்பாலும் பொருள். ஊர்ப் போட்டியின் நடுவர் விட்டுக்கொடுத்த அதே தொடுகைக்குப் பல்கலைக்கழகப் போட்டியில் விசில் ஊதப்படும். முன்னால் போடும்போதும் தலைக்குப் பின்னால் போடும்போதும் உடல் ஒரே மாதிரி நிற்கிறதா என்றும் கவனியுங்கள். பின்னால் போடும் முன் முதுகை வளைத்துவிடும் செட்டரை, நல்ல பிளாக்கர் இரண்டே பந்துகளில் படித்துவிடுவான்.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். முன்வரிசைக்கு வரும்போது செட்டர் வலப்பக்கம் நின்று, எதிரணியின் இடப்பக்க அட்டாக்கரை, அதாவது பெரும்பாலும் அவர்களுடைய மிக வலிமையான கையை, பிளாக் செய்ய வேண்டியிருக்கிறது. ஆண்களுக்கு வலையின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். குள்ளமான செட்டர் எவ்வளவு அழகாகத் தூக்கினாலும் அந்த மூன்று சுழற்சிகளில் வலைக்கு மேல் ஒரு கதவு திறந்தே கிடக்கும். அதற்காகக் குள்ளமானவரை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அந்தக் கதவை எப்படி மூடுவது என்ற திட்டத்தோடு அழைத்து வாருங்கள் என்கிறேன்.

உவரிக்கு அப்பால் ஒரு கடற்கரை ஊரில், சில ஆண்டுகளுக்கு முன், இரவு பதினொரு மணிக்கு மேல் நடந்த ஓர் அரையிறுதியில் நான் கண்டதைச் சொல்கிறேன். 22-க்கு 23 என்று ஊர் அணி பின்தங்கியிருந்தது. எதிரணியின் சர்வீஸ் கடுமையாக வர, பாஸ் வழுக்கிக்கொண்டு குறிப்பெழுதுபவரின் மேசைப் பக்கம் போனது. அவர்களுடைய செட்டர், ஒல்லியான பையன், ஆறேழு எட்டில் மணலைச் சிதறடித்துக்கொண்டு ஓடி, பந்துக்கு முன்பே போய் நின்று, தோளைத் திருப்பி, இடக்கோடிக்கு உயரமாக ஒரு பந்தைப் போட்டான். வலையிலிருந்து ஒரு முழம் தள்ளி, அடிப்பவன் விரும்பும் இடத்தில் அது இறங்கியது. அடித்தவன் அவசரப்பட்டு வெளியே அடித்துவிட்டான். 22-க்கு 24. ஊரே தலையில் கை வைத்துக்கொண்டது. அந்தப் பையன் நேராக அடித்தவனிடம் போய், அவன் முதுகில் கை வைத்து, "நான்தாம்ல நெட்டோட ஒட்டிப் போட்டுட்டேன். அடுத்ததும் ஒனக்குத்தான், நில்லு" என்றான். பந்து ஒட்டவே இல்லை என்பது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அடுத்த பந்தையும் அவனுக்கே போட்டான்; அது உள்ளே விழுந்தது. ஆட்டத்தை அவர்கள் தோற்றார்கள். மறுநாள் காலையில் நான் அவனுடைய பயிற்சியாளரைத் தேடிப் போனேன்.

வள்ளியூர், பணகுடிப் பக்கத்துத் திடல்களில் ஆடிப் பழகிய செட்டர்களிடம் ஒரு தனித் தன்மை உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடி மாதங்களில் அங்கே நிற்கவிடாமல் அடிக்கும். 260 முதல் 280 கிராம் வரை மட்டுமே எடையுள்ள பந்தை உயரமாகத் தூக்கினால் அது எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அந்தப் பையன்கள் இயல்பாகவே தாழ்வாகவும் விரைவாகவும் போடப் பழகிவிடுகிறார்கள். திறந்த வெளி ஆட்டத்தில் இது பெரிய சொத்து. உள்ளரங்கத்தில் முதல் சில நாள்கள் அவர்களுடைய உயரப் பந்து குட்டையாக இருக்கும். அதைக் குறையாக எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள், இரண்டு வாரங்களில் சரியாகிவிடும்.

அழைப்பதில் ஒரு வரிசை இருக்கிறது, அதை மாற்றக்கூடாது. முதலில் அவனுடைய இப்போதைய பயிற்சியாளர், பிறகு பெற்றோர், கடைசியில்தான் பையன். பயிற்சியாளரிடம், "உங்கள் பையன் இளங்கலை முடிக்கிறான், முதுகலைக்கு எங்களிடம் கேட்கலாமா" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு இசைவார்கள். நாம் பார்க்காத எத்தனையோ விஷயங்களையும் சொல்வார்கள்: மூட்டு வலி இருக்கிறதா, காசு வாங்கிக்கொண்டு வாரத்துக்கு மூன்று இரவுகள் வெளியூர் அணிகளுக்குக் கெஸ்ட் பிளேயராகப் போகிறானா, தேர்வில் பாக்கி எத்தனை தாள்கள். பெற்றோரைப் பார்க்கப் போகும்போது அவர்கள் தொழிலுக்கு ஏற்ற நேரம் பார்த்துப் போங்கள். கடலுக்குப் போய்விட்டு வந்த மனிதர் நடுப்பகலில் கண்ணயர்ந்திருப்பார். மாலையில் போனால் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார். "அண்ணாச்சி, பிள்ளைக்குப் படிப்பு என்ன, தங்க இடம் என்ன, செலவு என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஆட்டத்தைப் பிறகு பேசுவோம்" என்று தொடங்குவதே என் வழக்கம். அந்த மூன்றுக்கும் உங்களிடம் எழுத்தில் விடை இருக்க வேண்டும். கல்லூரி முதல்வர் கையெழுத்திடாத எந்தச் சலுகையையும் உங்கள் வாயால் சொல்லாதீர்கள். கட்டணச் சலுகை உண்டு என்று நம்பி வந்த பையன் ஆகஸ்டில் கட்டண ரசீதோடு உங்கள் அறை வாசலில் வந்து நின்றால், அவன் அந்த ஆண்டு முழுவதும் மனம் ஒன்றி ஆடமாட்டான்.

உண்மையிலேயே உங்களால் கொடுக்கக்கூடிய ஒன்றைத் தயங்காமல் சொல்லுங்கள். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடுபவருக்கு, அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் பயன்படும் மூன்றாம் படிவச் சான்றிதழுக்கு வழி இருக்கிறது. தெற்கு ரயில்வே, வங்கிகள், காவல்துறை ஆகியவற்றின் அணிகளுக்கும் செட்டர் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறார். இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய தமிழ்நாட்டுக்காரரான மோகன் உக்கிரபாண்டியன் ஒரு செட்டர்தான். அடிப்பவனுக்குத்தான் எதிர்காலம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் தாய் தந்தையருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது நம் கடமை.

ஆவணங்களுக்கு வருகிறேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லை திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்கள். இவற்றுக்குள் இருக்கும் இணைவுக் கல்லூரியிலிருந்து வருபவருக்கு மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள் இருந்தால் சேர்க்கைக்குப் பொதுவாகப் போதும். மதுரைப் பக்கமிருந்தோ காரைக்குடிப் பக்கமிருந்தோ வருபவர் வேறு பல்கலைக்கழகத்தின் மாணவர். அவருக்கு இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும், அது கைக்கு வர வாரங்கள் பிடிக்கும். படிப்பின் நடுவில் கல்லூரி மாறுபவராக இருந்தால் இரு முதல்வர்களின் இசைவும் பல்கலைக்கழகத்தின் அனுமதியும் தேவைப்படும். போட்டியில் ஆடுவதற்கான தகுதி இவற்றிலிருந்து தனியானது: முழுநேர மாணவராக இருக்க வேண்டும், வயது வரம்புக்குள் இருக்க வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஆன ஆண்டுகளும் கணக்கில் வரும். இந்திய பல்கலைக்கழகங்களின் சங்கம் வெளியிடும் விதிகளில் அந்தந்த ஆண்டுக்கு உரியதைப் பல்கலைக்கழக உடற்கல்வித் துறையிலிருந்து வாங்கி, பையனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபாருங்கள்.

நான் கெடுத்துக்கொண்ட அந்த ஒன்று இங்கேதான் கெட்டது. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அருமையான செட்டர்; ஜூலையிலேயே பயிற்சிக்கு வந்துவிட்டான், அட்டாக்கர்களோடு நன்றாகச் சேர்ந்தும்விட்டான். இடப்பெயர்வுச் சான்றிதழ் தபாலில் வருகிறது என்று அவன் சொன்னதை நம்பி, நான் அதை எழுந்து போய் விசாரிக்கவில்லை. தகுதிப் படிவம் திரும்பி வந்தது. போட்டி நடந்த மூன்று நாளும் அவன் சீருடை அணிந்து, அணிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தபடி கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து, சான்றிதழ்களின் அசல்களை என் கண்ணால் பார்க்கும்வரை எந்தப் பையனையும் அணித் திட்டத்தில் சேர்ப்பதில்லை.

சேர்க்கைக்கு முன் ஒரு சோதனை ஆட்டம் வைப்பது நல்லது. அவனைத் தனியாக நிறுத்திச் சுவரில் பந்தைத் தூக்கச் சொல்வது சோதனை ஆகாது. உங்கள் அட்டாக்கர்களோடு மூன்று மாலைகள் ஆடவிடுங்கள். முதல் மாலையில் யாருக்கும் பந்து சரியாக வராது, அதை எண்ண வேண்டாம். இரண்டாம் மாலையில் அவன் ஒவ்வொருவரிடமும் போய், "உயரம் போதுமா, இன்னும் உள்ளே வேண்டுமா" என்று கேட்கிறானா என்று பாருங்கள். மூன்றாம் மாலையில், சொல்லாமலே உங்கள் நல்ல பாஸர்களை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டு, கெட்ட பாஸ்களாகவே அவனுக்குக் கிடைக்கும்படி செய்யுங்கள். முகம் சுளித்து பாஸ் கொடுத்தவனை முறைக்கிறானா, அடுத்த பந்துக்குக் காலை எடுத்து வைக்கிறானா என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். முறைக்கும் பையனை, அவன் எவ்வளவு கைத்திறன் உள்ளவனானாலும், நான் அனுப்பிவிடுவேன்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மாற்று செட்டரை மறந்துவிடாதீர்கள். புதியவன் வருகிறான் என்பதை அவன் வேறெவர் வாயிலிருந்தும் கேட்கக்கூடாது. நீங்களே அவனை அழைத்து உட்கார வைத்து, ஏன் அழைக்கிறீர்கள், அவனுக்கு எந்தச் சுழற்சிகளில் வாய்ப்பு இருக்கும், அடுத்த ஆண்டு என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ஒரு செட்டில் ஆறு மாற்றங்களுக்கு விதி இடம் தருகிறது. புதிய செட்டர் முன்வரிசைக்கு வரும்போது அவருக்குப் பதிலாக உயரமான அட்டாக்கர் ஒருவரைக் களமிறக்கி, அதே நேரத்தில் பின்வரிசைக்குப் பழைய பையனை அனுப்பித் தூக்கச் சொல்லும் முறையை நான் கையாண்டிருக்கிறேன். அவனுக்கும் ஆட்டம் கிடைக்கிறது, அணிக்கும் முன்வரிசையில் மூன்று அட்டாக்கர்கள் கிடைக்கிறார்கள்.

சேர்க்கை முடிந்தபின் முதல் மாதத்தை ஆட்டங்களில் வீணாக்க வேண்டாம். நாள்தோறும் காலையில் வகுப்புக்கு முன் நாற்பது நிமிடம், ஒரு செட்டரும் ஒரே ஓர் அட்டாக்கரும் மட்டும் வலையருகே நிற்கட்டும். ஆளுக்கு ஐம்பது பந்துகள். திங்கள் இடப்பக்க அட்டாக்கருக்கு, செவ்வாய் நடுவில் அடிப்பவருக்கு, புதன் வலப்பக்கத்தவருக்கு என்று மாற்றிக்கொண்டே போங்கள். வியாழன் அன்று, பின்வரிசையில் மட்டும் ஆடும் தடுப்பாட்டக்காரரான லிபரோவை அழைத்து வந்து பாஸ் கொடுக்க வையுங்கள். வலையிலிருந்து ஓரடி தள்ளி, வலப்பக்க ஆன்டெனாவிலிருந்து, அதாவது வலையின் ஓரத்தில் நிற்கும் கம்பியிலிருந்து, இரண்டரை மீட்டர் உள்ளே, சுண்ணாம்பால் தரையில் ஒரு வட்டம் போட்டு, பந்து அங்கே வர வேண்டும் என்று அவருக்குச் சொல்லுங்கள். வெள்ளியன்று அந்த வட்டத்தை அழித்துவிடுங்கள்.